வகுப்பில் எழுதிய குறிப்பு

ஒரு பேராசிரியரின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமானால், அவர் எழுதிய நூல்கள், வாங்கிய பட்டங்கள், வகித்த பதவிகள் என்று வரிசையாகச் சொல்லிவிடலாம். இன்று நான் சொல்லப்போகும் சரித்திரப் பேராசிரியரின் விஷயம் வேறு. அவரை இன்று யாராவது நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், அது அவர் எழுதியதால் அல்ல. வகுப்பில் அவர் பேசியதை ஒரு மாணவர் வரி விடாமல் எழுதி வைத்ததால்தான்.

பெயர் தாராஸ் போரோடாய்கெவிச். வாயில் நுழையாத பெயர்தான். 1902-ல், வியன்னாவுக்குத் தெற்கே உள்ள பாடன் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை வழியில் உக்ரேனியப் பூர்வீகம். கத்தோலிக்க இறையியலும் சரித்திரமும் படித்தார். அந்தக் காலத்தில் ஆஸ்திரியாவின் பெரிய சரித்திர ஆசிரியராக மதிக்கப்பட்ட ஹைன்ரிக் ஸ்ர்பிக்கின் சீடர். 1933-ல் வியன்னாவில் நடந்த பெரிய கத்தோலிக்க மாநாட்டுக்குச் செயலாளராக வேலை பார்த்தார். அதற்கு அடுத்த வருடமே ஹிட்லரின் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அப்போது ஆஸ்திரியாவில் அந்தக் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரோடு ஒத்துப்போகச் சேர்ந்தவர் அல்ல. தடையை மீறி, தானாக விரும்பிச் சேர்ந்தவர்.

1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை ஜெர்மனியோடு இணைத்துக்கொண்டார். போரோடாய்கெவிச்சுக்கு நல்ல காலம் பிறந்தது. போர் நடந்துகொண்டிருந்தபோது பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். 1945-ல் எல்லாம் முடிந்தது. அதற்குள் ஆஸ்திரிய யூதர்களில் சுமார் 65,000 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள்.

போர் முடிந்தபின் இவரைப் போன்றவர்களை என்ன செய்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஆஸ்திரியாவில் நாஜிக் கட்சிக்காரர்களாகப் பதிவானவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். நாட்டின் மொத்த மக்கள்தொகையே 70 லட்சம்தான். 1948-ல் ‘குறைந்த அளவு சம்பந்தப்பட்டவர்கள்’ என்ற வகையினருக்குப் பொது மன்னிப்பு வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமையும் வேலையும் திரும்பக் கிடைத்தன. அத்தனை ஓட்டுகளை எந்தக் கட்சிதான் விடும்? இரண்டு பெரிய கட்சிகளும் அவர்களை அணைத்துக்கொண்டன. ‘ஹிட்லரின் முதல் பலி நாங்கள்தான்’ என்று சொல்லிக்கொள்வது நாட்டுக்கும் சௌகரியமாக இருந்தது. 1955-ல் நேச நாடுகளின் படைகள் வெளியேற ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஆஸ்திரியா முழுச் சுதந்திரம் பெற்றது. அதே வருடம் போரோடாய்கெவிச் வியன்னாவின் உலக வணிகக் கல்லூரியில் பொருளாதார வரலாற்றுப் பேராசிரியராக அமர்ந்தார்.

அந்த வகுப்பறையில்தான் பழைய சரக்கு வெளியே வந்தது. நாஜிக் கட்சியில் தானாக விரும்பித்தான் சேர்ந்தேன் என்பதை அவர் ஒளிக்கவில்லை, பெருமையாகவே சொன்னார். 1919-ல் பெர்லினில் கொல்லப்பட்ட ரோசா லக்சம்பர்க்கைப் பற்றிப் பேசும்போது, யூதர் என்பதையே வசைச்சொல்லாக்கிப் பேசினார். ஹான்ஸ் கெல்சனைப் பற்றி வந்தால், அவருடைய உண்மைப் பெயர் கோன் என்று சொல்வார். அது உண்மையும் இல்லை. கோன் என்பது யூதர்களிடையே பரவலாக உள்ள குடும்பப் பெயர். ‘இவன் யார் தெரியுமா?’ என்று கண் சிமிட்டுகிற வேலை அது. மாணவர்களில் பலர் சிரித்தார்கள்.

கெல்சன் யார் என்பதை நம்மூர் வக்கீல்களைக் கேட்டால் தெரியும். சட்டக் கல்லூரியில் படித்த யாரும் அவருடைய ‘தூய சட்டக் கோட்பாட்டை’ப் படிக்காமல் தாண்டியிருக்க முடியாது. ஆஸ்திரியாவின் 1920-ஆம் வருட அரசியல் சட்டத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு அவருடையது. அரசியல் சட்டத்துக்கென்றே தனி நீதிமன்றம் என்ற ஏற்பாடும் அவர் பெயரோடு சேர்ந்ததுதான். நாஜிகள் அவரைப் பதவியிலிருந்து விரட்ட, கடைசியில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவர் எழுதிக் கொடுத்த அரசியல் சட்டத்தின் கீழ் சம்பளம் வாங்கிக்கொண்டே இந்தப் பேராசிரியர் அவரைக் கேலி செய்தார்.

சிரிக்காத மாணவர்களில் ஒருவர் ஃபெர்டினாண்ட் லட்ஸினா. இருபதை ஒட்டிய வயதுக்காரர். அவர் எழுந்து நின்று சண்டை போடவில்லை. பேராசிரியர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். அந்தக் குறிப்புகள் ஹைன்ஸ் ஃபிஷர் என்ற இளம் சட்டப் பட்டதாரியின் கைக்குப் போயின. அவர் 1962-ல் அவற்றை வைத்துப் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். பேராசிரியர் அவதூறு வழக்குப் போட்டார்.

நீதிமன்றத்தில் ஃபிஷருக்கு ஒரே ஒரு சாட்சி போதும். ஆனால் லட்ஸினா இன்னும் அதே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். பெயர் வெளியே வந்தால் பையனின் படிப்பு என்ன ஆகும்? ஃபிஷர் பெயரைச் சொல்லவில்லை. வழக்கில் தோற்று அபராதம் கட்டினார். பேராசிரியர் வெற்றியோடு வகுப்புக்குத் திரும்பினார். நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் சரித்திரம் நடத்தியவன். இந்தக் கதையில் என்னை அதிகம் நிறுத்தி யோசிக்க வைக்கும் இடம் இதுதான். உண்மை கையில் இருந்தும், ஒரு மாணவனின் படிப்புக்காக அதை வெளியே எடுக்காமல் தண்டனையை ஏற்றுக்கொண்டவருக்கு அப்போது வயது இருபத்தைந்துக்கு ஒட்டித்தான்.

1965 மார்ச்சில் காற்று திசை மாறியது. கெர்ஹார்ட் ப்ரோனர் என்ற நையாண்டிக் கலைஞர், 1938-ல் வியன்னாவை விட்டு ஓட நேர்ந்த யூதர், தொலைக்காட்சியில் ஒரு கற்பனைப் பேட்டியை நடத்திக் காட்டினார். கேள்விகள்தான் கற்பனை, பதில்கள் வகுப்பறைக் குறிப்புகளிலிருந்து வந்தவை. நாடே பார்த்தது. போரோடாய்கெவிச் மறுக்க வேண்டுமென்று மார்ச் 23-ல் பத்திரிகையாளர்களைக் கூட்டினார். ஆனால் அங்கேயும் கட்சியில் விரும்பிச் சேர்ந்ததைத் திரும்பச் சொன்னார். யூதர்களைப் பற்றிய பேச்சும் வந்தது. அரங்கில் இருந்த அவருடைய மாணவர்கள் சிரித்துக் கைதட்டினார்கள். இவ்வளவும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. நாலு சுவருக்குள் கேட்ட சிரிப்பு வீட்டுக் கூடங்களில் கேட்டபோதுதான் பலருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மார்ச் 31 அன்று, அவரை நீக்கக் கோரி வியன்னாவில் பெரிய ஊர்வலம் நடந்தது. நாஜிகளை எதிர்த்துப் போராடிய பழைய ஆட்களும் மாணவர்களும் சேர்ந்து நடந்தார்கள். பேராசிரியருக்கு ஆதரவான வலதுசாரி மாணவர்களும் திரண்டு வந்து எதிர்க் கோஷம் போட்டார்கள். கைகலப்பு ஆனது. ஊர்வலத்தில் வந்திருந்த எர்ன்ஸ்ட் கிர்ஷ்வெகர் என்ற முதியவரை ஒரு மாணவர் ஓங்கிக் குத்தினார். கீழே விழுந்து தலையில் அடிபட்டவர் நினைவு திரும்பாமலே ஏப்ரல் 2-ல் இறந்தார். வயது 67. கம்யூனிஸ்ட், ஹிட்லர் காலத்தில் எதிர்ப்பு இயக்கத்தில் இருந்தவர். அந்த ஏழு வருடங்களைத் தாண்டி வந்தவர், சுதந்திர நாட்டில், பட்டப்பகலில், ஒரு கல்லூரி மாணவர் கையால் போனார். போருக்குப் பிந்திய ஆஸ்திரியக் குடியரசில் அரசியல் மோதலில் விழுந்த முதல் உயிர் அவருடையது.

ஏப்ரல் 8-ல் நடந்த இறுதி ஊர்வலத்தில் சுமார் 25,000 பேர் மௌனமாக நடந்தார்கள். அமைச்சர்களும் வந்தார்கள். அஞ்சலிக் கூட்டம் நடந்த இடம் ஹெல்டன்பிளாட்ஸ் சதுக்கம். 1938-ல் ஹிட்லர் பேச, பெருங்கூட்டம் ஆரவாரித்த அதே சதுக்கம்.

குத்திய மாணவருக்குக் கிடைத்த தண்டனை பத்து மாதம். தற்காப்பில் எல்லை மீறியதாகத் தீர்ப்பு. பேராசிரியர் 1966-ல் கட்டாய ஓய்வில் அனுப்பப்பட்டார். 1984-ல், 81 வயதில் வியன்னாவில் இறந்தார்.

மற்ற இருவர் என்ன ஆனார்கள்? குறிப்பு எழுதிய லட்ஸினா 1986 முதல் 1995 வரை ஆஸ்திரியாவின் நிதியமைச்சர். பெயரைக் காப்பாற்றிய ஃபிஷர் 2004 முதல் 2016 வரை நாட்டின் குடியரசுத் தலைவர். நாஜிக் குற்றங்களில் ஆஸ்திரியர்களுக்கும் பங்கு உண்டு என்று ஒரு பிரதமர் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள 1991 வரை ஆயிற்று. அப்போது அந்தப் பிரதமர் விரானிட்ஸ்கியின் அமைச்சரவையில் நிதித்துறை லட்ஸினாவிடம்தான் இருந்தது.

இந்த விவகாரத்தில் பேராசிரியரைக் காப்பாற்ற நினைத்தவர்கள் ‘கல்விச் சுதந்திரம்’ என்ற வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சுதந்திரம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆட்சிக்குப் பிடிக்காததை வகுப்பில் சொல்ல முடியாவிட்டால் சரித்திரம் நடத்தவே முடியாது. ஆனால் போரோடாய்கெவிச் ஆராய்ச்சி முடிவு எதையும் சொல்லவில்லை. ஆதாரம் காட்டவில்லை, வாதம் செய்யவில்லை. ஒரு மனிதரின் பிறப்பைச் சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்தார். அதற்கும் கல்விக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்றும் உண்டு. பேராசிரியர் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. சிரிக்கத்தான் வைத்தார். சிரித்துப் பழகிய கூட்டத்திலிருந்து ஒரு கை நீண்டது. வகுப்பில் நாம் போகிற போக்கில் சொல்லும் ஒரு கேலி, பாடம் மறந்த பிறகும் பையன்கள் மனதில் தங்கிவிடும் என்பதை ஆசிரியராக இருந்தவர்கள் எல்லோரும் அறிவோம். வியன்னாவில் அது எங்கே போய் முடிந்தது என்பதற்குக் கிர்ஷ்வெகரின் சாவே சாட்சி.

உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால், இந்த லட்ஸினாவின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். கூச்சல் போட வேண்டாம், கல்லெறிய வேண்டாம். கேட்டதைத் தேதி போட்டு, உள்ளது உள்ளபடி எழுதி வைத்தால் போதும்.