சுமைகாரர் நடந்த சஃபாரி

கிழக்கு ஆப்பிரிக்காவின் காட்டுவிலங்குகளைக் காண முதன்முறையாகச் செல்லும் பயணி, விடியுமுன் எழுப்பித் தேநீர் தருவதையும், கித்தான் கூடாரத்தில் தங்கவைப்பதையும், யானை, சிங்கம், சிறுத்தை, காட்டெருமை, காண்டாமிருகம் என்னும் 'பெரிய ஐந்தை'ப் பார்த்தாயிற்றா என்று வழிநெடுகக் கேட்பதையும் சுற்றுலாத் துறை அண்மையில் வகுத்த ஏற்பாடுகளாகவே கருதக்கூடும். உண்மையில் அவை நூறாண்டு கடந்த பழக்கங்கள், தந்த வணிகத்திலும் வேட்டையிலும் வேர்கொண்டவை. 'சஃபாரி' என்ற சொல்லும் விலங்கைச் சுட்டிப் பிறந்ததன்று. பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்ற அரபுச் சொல், தமிழ் முஸ்லிம்களின் பேச்சிலும் வழங்கும் அதே சொல், கிழக்குக் கடற்கரையின் சுவாஹிலி மொழியில் சஃபாரி ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டில் அச்சொல் குறித்த பயணங்களுள் முதன்மையானது, மனிதர்கள் சுமையேற்றி மாதக்கணக்கில் நடந்த வணிக நடை.

சான்சிபார் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பகாமோயோவிலிருந்து தபோரா வழியாக டாங்கனிக்கா ஏரிக்கரையின் உஜிஜி வரை சென்ற அந்த வழியில் மாட்டு வண்டியோ குதிரையோ பயன்படவில்லை. செட்சி ஈ பரப்பும் நோய் பொதிமாடுகளையும் குதிரைகளையும் கொன்றுவிட்டதால், துணியும் மணியும் உள்நாட்டுக்குப் போனதும் யானைத் தந்தம் கடற்கரைக்கு வந்ததும் மனிதர் உடலின் மேல்தான். 'பகாசி' எனப்பட்ட சுமைகாரர்களுள் பெயர்பெற்றவர்கள் இன்றைய தான்சானியாவின் நடுப்பகுதியைச் சேர்ந்த நியாம்வேசி மக்கள். கடற்கரையினர் தலையில் சுமக்க, இவர்கள் தோளில் சுமந்தனர். ஓர் ஆளுக்குரிய சுமை ஏறத்தாழ 27 கிலோ. அவருக்கு நாள்தோறும் அளக்கப்பட்ட படி, 'போஷோ', ஒரு கிபாபா, அதாவது முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த தானியம் அல்லது மாவு. தானியம் மட்டுமே சுமக்கும் ஒருவர் நாற்பது நாளுக்குள் தம் சுமை முழுவதையும் தாமே தின்று தீர்த்துவிடுவார் என்ற இந்தக் கணக்கே பயணத்தின் வேகத்தையும், ஆள்களின் தொகையையும், வழியூர்களில் தானியம் கிடைப்பதைப் பொறுத்து ஒரு நடை வாழ்வதா மடிவதா என்பதையும் முடிவுசெய்தது. ஐரோப்பியப் பயணிகள் 'கண்டுபிடித்த'தாகப் பள்ளிப் புத்தகங்கள் சொல்லும் ஏரிகளுக்கு அவர்களை அழைத்துச் சென்றவர்கள் இந்தச் சுமைகாரர்களும் அவர்களுக்கு முன்னே நடந்த வழிகாட்டிகளுமே. அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயர்கூட ஏடுகளில் நிற்கவில்லை என்பது இந்த வரலாற்றின் ஆறாத குறை.

வடக்கே, இன்றைய கென்யாவின் மொம்பாசாவில் 1896இல் தொடங்கி 1901இல் விக்டோரியா ஏரியைத் தொட்ட இருப்புப்பாதை, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, கொண்டுவரப்பட்ட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களால் போடப்பட்டது; ஏறத்தாழ 2,500 பேர் அப்பணியில் இறந்தனர். 1898இல் சாவோ ஆற்றுப் பாலத்தருகே இரண்டு சிங்கங்கள் தொழிலாளர்களைக் கொன்று தின்ற செய்தி உலகெங்கும் பரவியது. பாதை வந்தபின் அவ்வழியில் தந்த நடை ஓய்ந்தது. அதே சுமைகாரர், அதே கூடாரம், அதே போஷோ, பணம் படைத்த வேட்டைக்காரர்களின் சேவைக்கு மாறின. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்காலம் முடிந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் மொம்பாசாவில் இறங்கியபோது, இருநூறுக்கும் மேற்பட்ட சுமைகாரர்களும், தோல்களைப் பதப்படுத்த நான்கு டன் உப்பும் அவர் பயணத்துக்குத் தேவைப்பட்டன. அவரும் அவர் மகன் கெர்மிட்டும் சேர்ந்து சுட்டு வீழ்த்தியவை 512 விலங்குகள். 'பெரிய ஐந்து' என்ற பட்டியலும் வேட்டைக்காரர் வழக்கே: நடந்து சென்று சுடுவோரைத் திருப்பித் தாக்கிக் கொல்லும் ஆபத்து மிகுந்த ஐந்து விலங்குகள் அவை. துப்பாக்கியின்றி வரும் பயணி அப்பட்டியலுக்குக் கட்டுப்பட்டு, ஒட்டகச்சிவிங்கியையும் பகலில் ஓடி வேட்டையாடும் சிவிங்கிப்புலியையும் இரண்டாம் நிலையில் வைக்கக் காரணம் எதுவுமில்லை. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் அதிகாரிகள் விரும்பி அணிந்த சஃபாரி உடையும் இந்த வேட்டைக்காரர்களின் காக்கிச் சட்டையின் வழித்தோன்றலே.

ஆனால் அதே நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய மக்களுக்குக் கிடைத்த பெயர் வேறு. உரிமக் கட்டணம் செலுத்திச் சுட்ட அயலார் வேட்டைக்காரர் எனப்பட, நச்சு தோய்ந்த அம்பும் மிக வலிய நெடுவில்லும் கொண்டு யானையை வீழ்த்திய வாட்டா மக்கள் கள்ள வேட்டைக்காரர் ஆயினர். 1948இல் சாவோ தேசியப் பூங்கா உருவானபின், 1950களில் அவர்களுள் பலர் சிறைக்குச் சென்றனர். மேய்ச்சல் நிலங்களின் கதையும் அத்தகையதே. 1890களின் தொடக்கத்தில் வெக்கை நோய் மாடுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்து, பெரியம்மையும் பஞ்சமும் மசாய் மக்களை வாட்டிய பிறகே ஐரோப்பியக் குடியேறிகள் அந்தப் புல்வெளிகளை அடைந்தனர். ஆள் குறைந்து கிடந்த அந்நிலத்தை மனிதர் வாழாத ஆதிநிலம் என்று அவர்கள் எண்ணியதும், அந்த எண்ணமே பின்னாளைய பூங்காச் சட்டங்களுக்குள் புகுந்ததும் பெரும் பிழை.

துப்பாக்கியிலிருந்து கேமராவுக்கு வந்த மாற்றம் மெதுவாகவே நிகழ்ந்தது. சில்லிங்ஸ் என்ற ஜெர்மானியர் இரவில் ஒளிவெடிப்புக் கருவியால் எடுத்த விலங்குப் படங்கள் 1905இல் நூலாயின. எனினும் அவரே வேட்டைக்காரராகவும் இருந்தார். நைரோபி தேசியப் பூங்கா 1946இலும் செரெங்கெட்டி 1951இலும் அமைந்தன. கென்யா வேட்டையை முற்றிலும் தடைசெய்தது 1977இல்தான். தான்சானியாவில் உரிமம் பெற்ற வேட்டை இன்றும் உண்டு.

ஆகவே முதன்முறை செல்பவர் அங்குக் காணப்போவது, மேல்தளம் திறக்கும் வண்டியில் அதிகாலையிலும் பிற்பகலிலும் செல்லும் மெதுவான உலா. வெயிலில் சிங்கம் வேலமர நிழலில் படுத்தே கிடக்கும்; நாளின் பெரும்பகுதியை அது உறங்கியே கழிக்கிறது. அருகே நின்று பார்த்தால், அதன் வயிறு ஏறி இறங்குவதும், முகத்தில் மொய்க்கும் ஈக்களுக்குக் காது மட்டும் துடிப்பதும் தெரியும். ஜூலை முதல் அக்டோபர் வரை சென்றால், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்களின் இடப்பெயர்ச்சியில் ஒரு பகுதி மாரா ஆற்றைக் கடப்பதையும் காணலாம். ஆற்றங்கரையில் நாள்முழுதும் காத்திருந்தும் அவை இறங்காமல் போவதுமுண்டு. குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கலாகாது என்பது விதி. நடையால் பெயர்பெற்ற பயணத்தில் இன்று தரையில் கால்படுவது அரிது.

செரெங்கெட்டியிலிருந்து 1959இல் வெளியேற்றப்பட்ட மசாய் மக்கள், கிழக்கேயுள்ள இங்கோரோங்கோரோ மேட்டுநிலத்தில் மாடு மேய்த்து வாழலாம் என்ற வாக்குறுதியுடன் அங்குக் குடியமர்த்தப்பட்டனர். 2022இல் அந்த மேட்டுநிலத்திலிருந்தும் தொலைவிலுள்ள ம்சோமேரா என்ற ஊருக்கு அவர்களை இடம்பெயர்க்கும் பணி தொடங்கியது. அங்குள்ள எரிமலைப் பள்ளத்தின் விளிம்புச் சாலையில் செல்லும் பயணியின் வண்டிக்கு வழிவிட்டு, செந்நிறப் போர்வை அணிந்து மாடுகளுடன் ஓரமாக நிற்பவர்கள் அவர்களே.