ஆடுகளத்திலிருந்து போர்க்களத்திற்கு

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகர்க் கால்பந்து அரங்கின் அருகே 1999ஆம் ஆண்டில் ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. அந்நகர்க் கழகத்திற்காக ஆடி, முதல் உலகப் போரில் உயிர் நீத்த வால்டர் டல் என்பாருக்கு எழுப்பப்பட்டது அது. அவர் மறைந்து அப்போது 81 ஆண்டுகள் கடந்திருந்தன.

1888இல் ஃபோக்ஸ்டன் என்னும் துறைமுக நகரில் டல் பிறந்தார். தந்தை பார்படோஸ் தீவிலிருந்து வந்த தச்சர். அடிமைகளாய் வாழ்ந்தோரின் வழித்தோன்றல். தாய் ஆங்கிலப் பெண்மணி. பத்து வயது நிரம்புமுன் இருவரையும் இழந்த டல், இலண்டனில் ஓர் அநாதை இல்லத்தில் வளர்ந்து அச்சுத் தொழில் பயின்றார்.

1909இல் புகழ்மிக்க டாட்டன்ஹாம் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டே பிரிஸ்டல் நகரில் நடந்த ஆட்டத்தில் பார்வையாளர் சிலர் அவருடைய நிறத்தை இழித்துக் கூவினர். முன்வரிசை ஆட்டக்காரருள் அன்று அவரே சிறந்தவர் என நிருபர் ஒருவர் எழுதினார். ஆயினும் நாளடைவில் அவர் முதல் அணியிலிருந்து விலக்கப்பட்டார். 1911இல் நார்தாம்ப்டன் அவரை ஏற்றது. அக்கழகத்திற்காக 111 ஆட்டங்கள் ஆடினார்.

1914 டிசம்பரில் கால்பந்து வீரர்களைக் கொண்ட படைப்பிரிவில் டல் சேர்ந்தார். 1916இல் சோம் போர்முனையைக் கண்டார். தூய ஐரோப்பிய மரபினரே அதிகாரியாகலாம் என்பது அக்காலப் படை விதி. ஆயினும் 1917 மே மாதம் அவர் இரண்டாம் லெப்டினன்ட் ஆக்கப்பட்டார். விதி திருத்தப்படவில்லை; போரில் அதிகாரிகள் மடிய மடிய, அவசியம் அதனைக் கண்டும் காணாதிருந்தது என்றே கருதத் தோன்றுகிறது.

அவ்வாண்டு இறுதியில் அவரது படைப்பிரிவு இத்தாலிக்கு அனுப்பப்பட்டது. அங்கே பியாவே ஆற்றைக் கடந்து 26 வீரர்களுடன் எதிரியைத் தாக்கி, ஒருவரையும் இழவாது திரும்பினார். அவரது துணிவையும் நிதானத்தையும் தளபதி பாராட்டினார்.

பின்னர் பிரான்சுக்குத் திரும்பிய டல், 1918 மார்ச் 25 அன்று ஃபாவ்ரேய் அருகே குண்டடிபட்டு மாண்டார். அகவை 29. குண்டுமாரிக்கிடையே அவரை மீட்க உடனிருந்தோர் முயன்றும் இயலவில்லை. இராணுவச் சிலுவைப் பதக்கத்திற்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்ததாகச் சக அதிகாரி ஒருவர் அவர் தமையனாருக்கு எழுதினார். பதக்கம் வரவில்லை.

கல்லறை இல்லாத அவர் பெயர், அராஸ் நினைவுச்சுவரில் ஏறத்தாழ 35,000 பெயர்களுள் ஒன்றாய் நிற்கிறது. ஆணையிடும் தகுதி இவருக்கு இல்லையென ஏடு கூறியது. உடன் சென்ற வீரர்களோ இவர் ஆணையை ஏற்று ஆற்றைக் கடந்தனர். ஏட்டினும் அவ்வீரர்களின் சான்றே பெரிதெனக் கொள்வோம்.