சொற்பிரிப்பும் கோப்புப் பாதையும்

ஏட்டுச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடம் விட்டு எழுதும் வழக்கம் பண்டு இருந்ததில்லை. எழுத்துகள் தொடர்ந்து செல்லும்; எங்கே பிரிப்பது என்பதைப் படிப்பவரே துணிதல் வேண்டும். ‘செம்பொன்பதின்றொடி’ என்னும் தொடரைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். செம்பொன் பதின்றொடி எனப் பிரித்தால் பத்துத் தொடி நிறையுள்ள பொன். செம்பு ஒன்பதின்றொடி எனப் பிரித்தால் ஒன்பது தொடி நிறையுள்ள செம்பு. எழுத்து ஒன்றே, பிரிக்கும் இடம் மாறியதும் பொன் செம்பாகிவிடுகிறது. 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர் எதிர்கொண்ட இடர்களுள் இச்சொற்பிரிப்பும் ஒன்று.

கணினி வந்தபின் இவ்விடர் ஒழிந்தது என்று எண்ணுதல் பொருந்தாது. கோப்புகளைப் படியெடுக்கவும், இடம் மாற்றவும், அழிக்கவும் எழுதப்படும் கட்டளைத் தொகுப்புகள் ஓர் இயங்குதளத்திலிருந்து மற்றோர் இயங்குதளத்திற்குச் செல்லும்போது, அதே இடர் புது வடிவில் எழுகின்றது. அதன் வரலாற்றை அறிவது பள்ளிப் பதிவேடுகளையும் பழைய மலர்களையும் கணினியில் காத்து வருவோர்க்குப் பெரிதும் பயன்படும்.

கோப்புப் பாதை என்பது யாது? தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறுவோர் ரிங்லெட்டைக் கடந்து தானா ராத்தாவை அடைவர். அப்பால் பிரிஞ்சாங் செல்வர். வழியிலுள்ள ஊர்களை முறையாகச் சொன்னால் போகும் இடம் தெளிவாகிறது. அதுபோலவே, ஒரு கோப்பு எந்த உறைக்குள் எந்த உறையில் உள்ளது என்பதை முறையாகச் சொல்வதே பாதை. பெயருக்கும் பெயருக்கும் இடையே ஒரு பிரிப்புக் குறி வேண்டும். அக்குறி யாது என்பதில்தான் கணினி உலகம் ஒன்றுபடவில்லை.

1960-களில் உருவான மல்டிக்ஸ் என்னும் இயங்குதளம், ‘விடப் பெரியது’ என்று கணக்கில் வழங்கும் குறியைப் பிரிப்புக் குறியாகக் கொண்டது. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ், சாய்கோட்டை (/) ஏற்றது. 1981-இல் வெளிவந்த எம்.எஸ்.-டாஸின் முதற் பதிப்பில் உறைக்குள் உறை வைக்கும் வசதியே இல்லை. அதில் சாய்கோடு, கட்டளைக்கு உரிய விருப்பங்களைக் குறிக்கப் பயன்பட்டது. 1983-இல் இரண்டாம் பதிப்பு உறைகளைச் சேர்த்தபோது சாய்கோடு ஏற்கெனவே வேறு பணியில் இருந்தமையால், அதன் எதிர்வடிவாகிய பின்சாய்கோடு (\) பாதைக்கு வந்து அமர்ந்தது. பழைய மக்கின்டாஷ் கணினிகளோ முக்காற்புள்ளியைக் கையாண்டன. ஆராய்ந்து பார்த்தால், இவ்வேறுபாடுகளுக்கு ஆழ்ந்த தத்துவம் ஏதும் இல்லை; முன்னர் வந்தது எந்த இடத்தைப் பிடித்தது என்பதே காரணம்.

பின்சாய்கோட்டின் கதை இன்னும் சுவையானது. 1961-இல் பாப் பெமர் என்னும் அறிஞர் அதனைக் கணினிக் குறித்தொகுதியில் சேர்க்க முயன்றார். தருக்கக் குறிகள் இரண்டினைச் சாய்கோட்டோடு சேர்த்து அமைத்தற்கே அது வேண்டப்பட்டது. பின்னர், 1970-களில் தோன்றிய சி மொழி அதற்கு வேறொரு பொருள் தந்தது: அடுத்து வரும் எழுத்தின் இயல்பை மாற்றும் அடையாளம். பின்சாய்கோட்டை அடுத்துச் சிறிய ‘டி’ என்னும் உரோம எழுத்து வந்தால், அது எழுத்தன்று. தத்தல் என்னும் வெற்றிடம். ஆதலால், தானா ராத்தாவை உரோம எழுத்தில் சிறிய ‘டி’ முதலாக எழுதி, விண்டோஸ் முறைப்படி அதன் முன் பின்சாய்கோடு இட்டு, அம்மொழியின் வழிவந்த கட்டளைத் தொகுப்பில் அப்படியே வைத்தால், ஊரின் தலையெழுத்தே மறைந்துவிடும்!

அடுத்த இடர் சொல்லிடைவெளி. யூனிக்ஸில் நாம் தட்டும் வரியை ஷெல் என்னும் கட்டளை வாங்கி, இடைவெளி கண்ட இடமெல்லாம் துண்டாக்குகிறது. ‘தானா ராத்தா’ என்ற உறையை அழிக்கும்படி மேற்கோள் குறியின்றி எழுதினால், ‘தானா’ என்று ஒன்றும் ‘ராத்தா’ என்று ஒன்றுமாக இரண்டினை அது தேடும். ‘தானா’ என வேறோர் உறை இருந்துவிட்டால், குற்றமற்ற அவ்வுறை அழிந்துபோகும். மலாய் மொழியில் ‘தானா’ என்பது நிலம். ‘ராத்தா’ என்பது சமம். இரண்டும் கூடியே ஊர்ப்பெயர் ஆகின்றன. அக்கூட்டைக் காப்பது மேற்கோள் குறி. அதிலும் வேற்றுமை உண்டு. யூனிக்ஸில் ஒற்றை மேற்கோள் உள்ளதை உள்ளபடி காக்கும். இரட்டை மேற்கோள் சில குறிகளுக்குப் பொருள் விரிக்கும். விண்டோஸின் கட்டளை வாங்கிக்கு ஒற்றை மேற்கோள் ஒரு காவலே அன்று. மேலும், யூனிக்ஸ் தனித்தனியாகப் பிரித்த சொற்களையே நிரலுக்கு அளிக்கிறது; விண்டோஸ் முழு வரியையும் அளித்து, பிரிக்கும் வேலையை அந்தந்த நிரலிடமே விடுகிறது.

இவை சிறு பிழைகள் என்று தள்ளத்தக்கனவல்ல. 2001-ஆம் ஆண்டு நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐடியூன்ஸ் இரண்டாம் பதிப்பின் நிறுவல் தொகுப்பில், பாதையைச் சுற்றி மேற்கோள் குறி இடப்படவில்லை. பெயரில் இடைவெளி கொண்ட வட்டுகளை உடைய பயனர் சிலர் தம் கோப்புகளை இழந்தனர். நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிட்டது. 2011-இல் பம்பிள்பீ என்னும் லினக்ஸ் நிரலின் நிறுவல் தொகுப்பில் இதற்கு மறுதலையான பிழை நேர்ந்தது. பாதையின் நடுவே வேண்டாத ஓர் இடைவெளி விழுந்தது. ஓர் உட்பிரிவை அழிக்க வேண்டிய கட்டளை, இயங்குதளத்தின் இன்றியமையாத பெரும்பிரிவையே அழித்தது.

தமிழ்ப் பெயர்களுக்கு இவற்றின் மேலும் சில இடர்கள் உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளை உருவாக்கிய காலம் முதல், தமிழ் கணினியில் வேரூன்றியது. எனினும், பொதுக் குறியீடு நிலைபெறுமுன் எழுத்துருக்கு எழுத்துரு முறை வேறுபட்டது. பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துருவில், உரோம எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டன. அதில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணினியில் பதிவன நான்கு உரோம எழுத்துகளும் இறுதியில் ஓர் அரைப்புள்ளியுமே. மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி! யூனிக்ஸிலோ அரைப்புள்ளி ஒரு கட்டளை முடிந்தது என்பதற்கு அடையாளம். அவ்வாறு பெயரிட்ட கோப்பை மேற்கோளின்றிக் கையாண்டால், மெய்தோறும் கட்டளை முறியும். பின்னர் வந்த தஸ்கி முறை தமிழை மேற்பாதியில் வைத்து, ஆங்கிலக் குறிகளின் இடங்களைத் தொடாது விட்டது.

1991-இல் வெளியான யூனிகோடு முறையிலும் ஒரு நுட்பம் உள்ளது. ‘கொழுந்து’ என்பதன் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம்; கொம்பு, கால் என இரண்டு எண்களாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. 1998-இல் வந்த மக்கின்டாஷ் கோப்பு முறை இரண்டாகப் பிரித்தே பதிந்தது. லினக்ஸும் விண்டோஸும் வந்ததை வந்தபடி வைக்கும். ஆகவே, அங்கிருந்து வந்த ‘கொழுந்து’ என்னும் கோப்பை, ஓரெண்ணாக எழுதிய தொகுப்பு லினக்ஸில் தேடினால் இல்லை என்றே விடை வரும். கோப்போ கண்ணெதிரே இருக்கும்!

இத்தனையும் கண்டு, பெயர்களை இடைவெளியின்றி உரோம எழுத்திலேயே எழுதிவிடுக என்பாரும் உளர். அஃது எளிய வழிதான். ஆயினும், மாணவன் பெயரும் ஊர்ப் பெயரும் கருவிக்காகச் சிதைவது முறையாகாது. பிரிப்புக் குறிகள் வரலாற்றின் தற்செயலால் அமைந்தன, பெயர்கள் அவ்வாறல்ல. திருத்த வேண்டியது கருவியையே. பாதையின் உறுப்புகளைத் தனித்தனியே வைத்து, இணைக்கும் பணியை மொழியின் நூலகத்திடம் விடலாம். பைத்தான் மொழியில் 2014 முதல் இதற்கென்றே ஒரு தனித் தொகுதி உண்டு. கட்டளையை ஒரே வரியாக ஒட்டாமல், சொற்பட்டியலாக அளிக்கலாம். தமிழ்ப் பெயர்களை ஒப்பிடுமுன் யூனிகோடு வகுத்த ஒரே வடிவிற்குக் கொணரலாம். ஒரு தொகுப்பு செம்மையானதா என்று அறிய, ‘தானா ராத்தா’ என்றோர் உறையும் அதனுள் ‘கொழுந்து’ என்றொரு கோப்பும் வைத்து, மூன்று இயங்குதளங்களிலும் ஓட்டிப் பார்த்தல் நன்று.

ஏடு பதிப்பித்த பெரியோர் தமக்கு எளிதாகும்படி ஏட்டை மாற்றவில்லை; எல்லை எது என்று தேர்ந்து, மூலத்தைக் காத்தனர். கணினிக்குக் கட்டளை எழுதுவோர்க்கும் அதுவே கடன்.