பாடவும் பழகவும் மட்டும் அனுமதி: ஸ்பெல்மன் மகளிர் கல்லூரியின் மாணவர் அமைப்புகள்

1960 மார்ச் 9ஆம் திகதி அமெரிக்காவின் அட்லாண்டா நகரப் பத்திரிகைகளில் ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது. தலைப்பு: ‘மனித உரிமைகளுக்கான ஒரு வேண்டுகோள்’. கல்வி, வேலை, குடியிருப்பு, வாக்குரிமை, வைத்தியசாலை, உணவகம், பொலிஸ் என்று கறுப்பின மக்களுக்கு இழைக்கப்பட்ட பாகுபாடுகளை அது ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னது. ஆறு கறுப்பினக் கல்வி நிறுவனங்களின் மாணவர் தலைவர்கள் அதில் ஒப்பமிட்டிருந்தார்கள். ஜோர்ஜியா மாநில ஆளுநர் ஏர்னஸ்ட் வண்டிவர் அதை வாசித்துவிட்டு, இது இந்த மாநிலத்தில் எழுதப்பட்டதாகவே தெரியவில்லை, வெளிநாட்டு வாடை அடிக்கிறது என்ற பொருளில் பேசினார். நியாயம் கேட்டு எழுதினால் அதற்குப் பின்னால் ஒரு வெளிக்கை தேடப்படுவது எங்களுக்கும் பழக்கமான விடயந்தான்.

அதை எழுதியதில் முக்கிய பங்கு ரொஸ்லின் போப் என்ற மாணவியினுடையது. அவர் ஸ்பெல்மன் மகளிர் கல்லூரியில் இசை படித்தவர். அங்கே மாணவர் ஒன்றியத்தின் தலைவி. ஊடகக் கற்கை படித்த காலத்தில் இந்த ஆவணத்தை நான் ஒரு பிரசார உத்தியாக மட்டுமே பார்த்தேன். அதற்குப் பின்னாலிருந்த கல்லூரியைப் பற்றிப் பிறகு தேடி வாசித்தபோதுதான், இசையும் மாணவர் ஒன்றியமும் ஒரே ஆளிடம் சந்தித்தது தற்செயல் அல்ல என்று தோன்றியது.

ஸ்பெல்மன் 1881 ஏப்ரலில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில், 11 மாணவிகளுடன் தொடங்கியது. சோபியா பக்கார்ட், ஹரியட் கைல்ஸ் என்ற இரண்டு வெள்ளையின ஆசிரியைகள் 100 டொலர் நன்கொடையோடு ஆரம்பித்தார்கள். வந்த பெண்களில் பெரும்பாலானோர் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். வேதாகமத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்ற ஆசையில் வந்தவர்கள். 1884இல் எண்ணெய் வணிகர் ரொக்ஃபெல்லர் குடும்பத்தோடு வந்து பார்த்து, காணிக்கடனைத் தீர்த்துவைத்தார். அவருடைய மனைவியின் குடும்பப் பெயர்தான் கல்லூரியின் பெயர்.

கறுப்பினக் கல்லூரிகளுக்குப் பணம் சேர்ப்பதில் பாட்டுக்குப் பெரிய இடம் இருந்தது. 1871இல் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் பாடற்குழு ஊர் ஊராகச் சென்று, அடிமைகளின் ஆன்மீகப் பாடல்களைப் பாடி நிதி திரட்டி வழிகாட்டியது. வயலில் அடிபட்டவர்கள் தங்களுக்குள் பாடிக்கொண்ட பாட்டு, நல்ல உடை உடுத்து மேடையில் நின்று வெள்ளையர்களுக்குப் பாடப்படுவதாக மாறியது. போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில், உதவி கொண்டுவருபவர்களுக்கு முன்னால் பிள்ளைகள் வரிசையில் நின்று வரவேற்புப் பாட்டுப் பாடியதைக் கண்டவர்களுக்கு இதன் சங்கடத்தை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்த மேடை இல்லாவிட்டால் அந்தப் பாடல்களில் பல மறைந்திருக்கும் என்பதும் உண்மை.

ஸ்பெல்மனின் பாடற்குழு இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்தது. அருகிலுள்ள மோர்ஹவுஸ் ஆண்கள் கல்லூரியில் 1911இல் பாடற்குழுவை நிறுவிய கெம்பர் ஹரல்ட், பின்னர் ஸ்பெல்மனின் இசைத்துறையையும் கவனித்தார். இரு கல்லூரிகளும் சேர்ந்து வழங்கும் கிறிஸ்மஸ் கரோல் நிகழ்ச்சி இன்றுவரை தொடர்கிறது. 1933இலிருந்து அங்கே கற்பித்த வில்லிஸ் லோரன்ஸ் ஜேம்ஸ் வேறு விதமான ஆள். மேற்கத்திய செவ்விசையில் பயின்றிருந்தும், கூலியாட்களின் வேலைப்பாட்டு, தெருவியாபாரிகளின் கூவல் என்று தேடித்தேடிச் சேர்த்தார். அவற்றை இசையமைத்து மாணவிகளைப் பாடவைத்தார். படித்த கறுப்பினத்தவர்கள் சிலர் வெட்கப்பட்டு ஒதுக்கிய பாட்டுகள் அவை.

பாட்டைத் தவிர, மாணவர் ஒன்றியம், நாடகக் குழு, கிறிஸ்தவ மாதர் சங்கம் முதலியன இருந்தன. தாயோ பேத்தியாரோ அங்கே படித்திருந்தால் சேரக்கூடிய ‘பேத்திகள் சங்கம்’ என்று ஒன்றும் உண்டு. அடிமைமுறையில் தாயையும் மகளையும் பிரித்து விற்ற சமூகத்தில், மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே பள்ளியில் படித்தார்கள் என்பதைக் கொண்டாட ஒரு சங்கம் வைப்பது சின்ன விடயம் அல்ல. நிறுவுநர் தினத்தில் எல்லோரும் வெள்ளை உடை உடுத்து, 1934இல் வெளியேறிய மாணவி ஒருவர் இயற்றிய கல்லூரிக் கீதத்தைப் பாடுவார்கள்.

நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு அடக்கமான சீமாட்டிகளை உருவாக்குவது. வெளியே போக அனுமதிக் கையொப்பம், கட்டாய ஆராதனை, உடைக்கு ஒழுங்கு. 1956இல் அங்கே கற்பிக்க வந்த வரலாற்றாசிரியர் ஹொவார்ட் ஸின் இதைக் கேலியாகவும் அன்பாகவும் எழுதியிருக்கிறார். போராட்டத்துக்கு வரக்கூடிய ‘இளம் சீமாட்டிகள்’ பெயர் பதியுமாறு விடுதி அறிவித்தல் பலகையில் மரியாதையாக ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்ததாம். பழைய ஒழுங்கின் மொழியிலேயே புதிய வேலை நடந்தது.

வேண்டுகோள் வெளிவந்து ஆறாம் நாள், மார்ச் 15இல், ஏறக்குறைய 200 மாணவர்கள் 10 உணவகங்களில் போய் அமர்ந்தார்கள். 77 பேர் கைதானார்கள். ஸ்பெல்மன் மாணவிகளும் அதில் இருந்தனர். அடுத்த ஆண்டு ரூபி டோரிஸ் ஸ்மித் என்ற மாணவி தென் கரோலினாவில் பிணை வேண்டாம் என்று சொல்லி 30 நாள் மறியலில் இருந்தார். கல்லூரி இதையெல்லாம் பெருமையோடு ஏற்றுக்கொண்டது என்று இன்று சொல்லப்படுவதை நான் அப்படியே எடுக்கமாட்டேன். மாணவிகளின் பக்கம் நின்ற ஸின் 1963இல் பதவி நீக்கப்பட்டார்.

பாட்டின் கதை இன்னொரு பெண்ணோடு தொடர்கிறது. ஜோர்ஜியாவின் ஆல்பனி நகரில் ஊர்வலம் போனதற்காக பெர்னிஸ் ஜோன்சன் 1961இல் தன் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஸ்பெல்மனில் சேர்ந்தார், அங்கும் நிலைக்கவில்லை. 1962இல் உருவான ‘சுதந்திரப் பாடகர்கள்’ குழுவோடு நாடு முழுவதும் பாடப் போய்விட்டார். தேவாலயத்தில் கேட்டுப் பழகிய மெட்டுகளில் சொல்லை மாற்றிச் சிறைக்கூடத்திலும் ஊர்வலத்திலும் பாடினார்கள். நிதி கேட்டுப் பாடிய வழமை இங்கும் இருந்தது. ஆனால் இம்முறை எதைப் பாடுவது, யாருக்காகப் பணம் சேர்ப்பது என்பதைப் பாடியவர்களே முடிவுசெய்தார்கள். அவர் திரும்பி வந்து 1970இல் ஸ்பெல்மனில் பட்டம் முடித்தார்; 1973இல் ‘ஸ்வீட் ஹனி இன் த ரொக்’ என்ற பெண்கள் குழுவை நிறுவினார்.

இடையில், 1968 ஏப்ரலில், கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கின் உடல் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது ஸ்பெல்மனின் சிஸ்டர்ஸ் சப்பலில். அவருடைய தாயும் தமக்கையும் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள். கரோல் பாடிய அதே மண்டபத்தில் சனம் வரிசையாக வந்து போனது.

ஜேம்ஸ் அதைக் காணவில்லை. அவர் 1966இல் இறந்துவிட்டார். அந்தப் பாடல்களைப் பற்றி 1940களில் எழுதிவைத்த அவருடைய கையெழுத்துப் பிரதி 1995இல்தான் நூலாக வந்தது.