விளிம்பும் மையமும்: பழைய சங்கரநயினார்கோவில் வட்டம்

எச்.ஆர். பேட் தொகுத்து 1917-இல் வெளிவந்த திருநெல்வேலி மாவட்டக் கெஜட்டியரில் சங்கரன்கோவில் வட்டம் சங்கரநயினார்கோவில் என்ற பழம்பெயரோடு இருக்கிறது. அன்று அது மிகப் பெரிய வட்டம். மேற்கே மலையடிவாரத்தில் சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி; நடுவே கோவிலூர்; கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் என்று விரியும் கரிசல் காடு. இன்று அதே நிலப்பரப்பின் பெரும்பகுதி சிவகிரி, சங்கரன்கோவில், திருவேங்கடம் என மூன்று வட்டங்களாகப் பிரிந்து, 2019 நவம்பரில் உருவான தென்காசி மாவட்டத்தில் அடங்கியிருக்கிறது. அந்தப் பழைய வட்டத்தை மேற்கிலிருந்து கிழக்காக ஒருமுறை நடந்து பார்த்தால், மானுடப் புவியியல் என்ற துறையின் அடிப்படைக் கருத்துகள் பெரும்பாலானவற்றுக்கு அங்கேயே உதாரணம் கிடைத்துவிடும்.

மலையடிவாரத்தில் ஓடைகள் இறங்குகின்றன. அவற்றை மறித்து அடுக்கடுக்காகக் குளங்கள். குளத்தின் கீழே நெல், மேட்டில் கிணற்றுப் பாசனம். சற்றுக் கிழக்கே வந்தால் செம்மண். ஊர்ப் பெயர்களிலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெற்கட்டும்செவலில் உள்ள ‘செவல்’ செம்மண் நிலத்தைக் குறிக்கும் சொல். ஊரைத் தாண்டிக் கிழக்கே போகப் போக மண் கறுக்கிறது. குளங்கள் அருகிப் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி, வத்தல் என்று வானத்தை நம்பிய மானாவாரி வேளாண்மை தொடங்குகிறது. இத்தனை மாற்றமும் ஒரே நாளில் மாட்டுவண்டியில் கடந்துவிடக்கூடிய தொலைவுக்குள் நிகழ்கிறது.

இவ்வாறு மலையிலிருந்து சமவெளிவரை ஒரு நெடுங்கோடு இழுத்து, அக்கோட்டின் மேல் எங்கெங்கே எந்தத் தொழில், எந்த மக்கள் என்று குறிக்கும் முறையைப் புகழ்பெறச் செய்தவர் ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடஸ். 1914-இல் இந்தியாவுக்கு வந்து சென்னை மாகாண நகரங்கள் பலவற்றை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர். பின்னர் 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானவர். இடம், தொழில், மக்கள் என்ற அவருடைய மூன்று சொற்களைக் கேட்டவுடன் நமக்குத் தொல்காப்பியத்தின் முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ‘ஐந்திணையே உலகின் முதல் மானுடப் புவியியல்’ என்று பெருமையோடு சொல்லி நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. திணை ஒரு கவிதை மரபு. அதற்கு அளவுகோல் கிடையாது, வடக்குத் திசை கிடையாது, ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் உள்ள தொலைவு கிடையாது. நிலமும் வாழ்வும் ஒன்றையொன்று தொட்டிருக்கின்றன என்னும் உணர்வை அது தருகிறது. எங்கே, எவ்வளவு, எப்போதிலிருந்து என்ற கேள்விகளை வேறு கருவிகளைக் கொண்டுதான் கேட்கவேண்டும்.

அக்கருவிகளில் எளியது, ஒரு வரைபடத்தின்மேல் இன்னொன்றை வைத்துப் பார்ப்பது. இன்று கணினியில் நொடியில் செய்யும் இவ்வேலையை முன்பு மெல்லிய தாளில் படியெடுத்துச் செய்தார்கள். திருநெல்வேலிச் சீமையின் மண் வரைபடத்தின்மேல் பதினெட்டாம் நூற்றாண்டின் பாளையங்களை வைத்துப் பாருங்கள். மேற்கே குளங்களும் செம்மண்ணும் உள்ள பகுதியில் சிவகிரி, தலைவன்கோட்டை, சேத்தூர், ஊற்றுமலை, நெற்கட்டும்செவல் என மறவர் பாளையங்கள். கிழக்கே கரிசலில் எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி எனத் தெலுங்கு பேசும் நாயக்கர் பாளையங்கள். 1755 முதல் 1761 வரை ஆற்காட்டு நவாபின் படைகளையும் கும்பினிப் படைகளையும் எதிர்த்து நின்ற பூலித்தேவனுக்குத் துணையாகத் திரண்டவை பெரும்பாலும் மேற்குப் பாளையங்களே என்பதற்கும், கிழக்குப் பாளையங்கள் பொதுவாக ஒதுங்கி நின்றதற்கும் அரசியல் காரணங்கள் உண்டு. அந்த அரசியலுக்கு அடியில் மண்ணின் நிறமும் கிடக்கிறது.

இதை முறையாக ஆராய்ந்தவர் டேவிட் லட்டன். 1985-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவருடைய தென்னிந்திய உழவர் வரலாறு முழுக்க முழுக்கத் திருநெல்வேலியைப் பற்றியது. மாவட்டத்தை நன்செய், புன்செய், இரண்டும் கலந்தது என மூன்று மண்டலங்களாக அவர் பகுக்கிறார். தாமிரபரணிக் கரையில் பிராமணரும் வேளாளரும் ஆண்ட நிலவுடைமை, கலப்பு மண்டலத்தில் மறவர் ஆதிக்கம், கரிசலில் வடுகர் குடியேற்றம் என்று மூன்று வகைச் சமூக அமைப்புகள் அவற்றில் உருவாயின. ஆற்றுப் பாசனத்தில் ஊறிய குடிகளுக்குக் கரிசல் பாழ்நிலம். தக்காணத்தின் கறுப்பு மண்ணில் மழையை மட்டும் நம்பி உழுது பழகியவர்களுக்கு அது தெரிந்த நிலம். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்தக் குடிபெயர்வைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1982-இல் அவர் கரிசல் வட்டாரச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி தொகுத்தார். அதையும் நான் ஒரு வரைபடமாகவே கொள்கிறேன். ஒரு சொல் வழங்கும் எல்லை நில அளவையாளர் எவரும் நட்ட கல்லைவிட உறுதியானது.

மண்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ராட்சேல் வழிவந்தவர்கள் இயற்கைக்கு அத்தகைய வல்லமையைக் கொடுத்தார்கள். பிரான்சின் விடால் தெ லா பிளாஷ் அதை மறுத்து, நிலம் வாய்ப்புகளைத் தருகிறது, தேர்ந்தெடுப்பவன் மனிதன் என்றார். சங்கரன்கோவில் விடாலின் கட்சி. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பின், கமலை இறைத்த கிணறுகளுக்கு மெல்ல மெல்லப் பம்புசெட்டு வந்தது. பருத்தி விளைந்த செம்மண் மல்லிகைத் தோட்டமாயிற்று, ஊரில் பூச்சந்தை பெருகிற்று, தறிகள் விசைத்தறிகளாயின. மண் மாறவில்லை.

இனி ஊருக்கு வருவோம். மண் வரைபடத்தில் சங்கரன்கோவில் ஒரு விளிம்பு. செம்மண் முடிந்து கரிசல் தொடங்கும் தையல். பாளைய வரைபடத்திலும் அப்படியே. புவியியலாளர்கள் பகுதிகளை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். உள்ளே எல்லாம் ஒரே தன்மையாக இருப்பது ஒருசீர்ப் பகுதி: கரிசல் அத்தகையது. ஒரு மையத்தை நோக்கி மக்களும் பண்டங்களும் வந்துபோவதால் உருவாவது குவியப் பகுதி: சந்தைக்கும் திருவிழாவுக்கும் சுற்றியிருக்கும் ஊர்கள் அத்தகையவை. வட்டத்தின் வண்டித் தடங்களையும் ஆடித்தபசுக் கூட்டம் வரும் வழிகளையும் அம்புக்குறிகளாக வரைந்தால், மண் வரைபடத்தில் விளிம்பாயிருந்த ஊர் அங்கே நடுப்புள்ளியாகிவிடும். 1933-இல் ஜெர்மானியர் கிறிஸ்டாலர் மையவூர்களுக்கு ஒரு கோட்பாடு வகுத்தபோது எங்கும் ஒரே மாதிரியான சமவெளியைக் கற்பனை செய்துகொண்டார். இங்கே கதை வேறு. நெல் விளையும் பக்கமும் பருத்தி விளையும் பக்கமும் கைமாற்றிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அது தையலின்மேல்தான் அமைய முடியும்.

கோவிலே இதை வேறொரு மொழியில் சொல்வது போலிருக்கிறது. ஒருபாதி சிவன், ஒருபாதி திருமாலாக நிற்கும் சங்கரநாராயணர். பிரசாதமாகக் கிடைப்பது புற்றுமண். ஆடித்தபசு அன்று கோமதியம்மனுக்கு முன் உழவர்கள் பருத்தியும் வத்தலும் தானியமும் சூறைவிடுகிறார்கள். எந்தெந்த விளைபொருள் வந்து விழுகிறது என்று ஒருவர் குறித்துவைத்தால் வட்டத்தின் பயிர் வரைபடமே கையில் இருக்கும். பூலித்தேவன் இக்கோவிலுக்குள் வந்து மறைந்தான் என்ற நம்பிக்கையும் இவ்வூரில் நிலைத்திருக்கிறது.

இத்தகைய போக்குவரத்தை அரசின் வரைபடங்கள் எக்காலத்திலும் பதிவு செய்ததில்லை. அவற்றின் அக்கறை வேறு. 1802-இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோவிலின் மேல் ஏற்றும்போது அவருடைய அரை டன் எடையுள்ள கோணமானி மோதிச் சேதமடைந்தது. சீர்செய்துகொண்டு குமரி முனைவரை வந்து சேர்ந்தார். அது தேசத்தின் எலும்புக்கூடு. வயல் அளவில் வேலை செய்தது எட்மண்ட் கண்டர் 1620-இல் அமைத்த சங்கிலி: 66 அடி, நூறு கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். இன்று மனைவிற்பனை விளம்பரங்களில் நாம் காணும் சென்ட் அந்த இரும்புச் சங்கிலியின் எச்சம். அதற்கு முன் இச்சீமையில் நன்செயைக் கோட்டை விதைப்பாடு, மரக்கால் விதைப்பாடு என்று விதையால் அளந்தார்கள். அந்த அளவில் மண்ணின் வளமும் அடங்கியிருந்தது. சங்கிலிக்குக் கரிசலும் ஒன்று, வண்டலும் ஒன்று. தரம் தனியே ஒரு பத்தியில் போய் உட்கார்ந்தது.

கண்ணி பிசகாமல் வயல்களை அளந்த இந்தப் புல வரைபடங்களில் வீடுகள் கிடையாது. மக்கள் குடியிருக்கும் இடம் ‘கிராம நத்தம்’ என்று மொத்தமாக ஒரு வெற்றுக் கட்டம். நத்தத்துக்கு வரி இல்லை, ஆகவே உட்பிரிவு இல்லை. யார் யாருடைய வாசலைக் கடந்து நடக்கலாம், எந்தக் கிணறு யாருக்கு, எந்தத் தெருவுக்குப் பின்னால் ஊர் முடிந்து சேரி தொடங்குகிறது என்ற அத்தனையும், அதாவது மானுடப் புவியியல் முதலில் கேட்கவேண்டிய அத்தனையும், அந்த வெற்றுக் கட்டத்துக்குள் கிடந்தன. சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கழுகுமலையில், தேர் ஓடும் தெருக்களில் நாடார்கள் ஊர்வலம் செல்லலாமா என்ற பிணக்கு 1895 ஏப்ரலில் கலவரமாக வெடித்து, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. சங்கிலிக்கு அந்தத் தெரு இத்தனை கண்ணி நீளம். அங்கே நின்றவர்களுக்கு அது மானம். பூமணியின் ‘அஞ்ஞாடி’ அக்காலத்தை ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரித்துச் சொல்லியிருக்கிறது. வெளி, இடம் என்று பாடநூல்கள் பிரிக்கும் இரண்டு சொற்களுக்கும் உள்ள வேறுபாட்டை அதைவிட நன்றாக விளக்கும் நூலை நான் அறியேன்.

கடைசியாக, வண்ணம் தீட்டிய புள்ளிவிவர வரைபடங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மக்கள்தொகை அடர்த்தியோ எழுத்தறிவோ, எதை மாவட்டவாரியாகத் தீட்டினாலும் எல்லைக்கோட்டை நகர்த்தினால் நிறம் மாறும். 2019-இல் தென்காசி பிரிந்த அன்று ஒருவரும் வீடு மாறவில்லை. திருநெல்வேலியின் சராசரிகள் மட்டும் மாறின. திருவேங்கடம் தனி வட்டமானபோது சங்கரன்கோவில் வட்டத்தின் கணக்கிலிருந்து கரிசலின் பெரும்பகுதி நழுவிற்று. எனவே பழைய கணக்கெடுப்புகளோடு 2011-ஆம் ஆண்டுக் கணக்கையும் இனி வரவிருக்கும் 2027-ஆம் ஆண்டுக் கணக்கையும் ஒப்பிட விரும்புபவர், வட்டத் தொகைகளை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் ஊர்ஊராகக் கூட்டவேண்டும்: சிவகிரியின் ஊர்கள், சங்கரன்கோவிலின் ஊர்கள், திருவேங்கடத்தின் ஊர்கள் என்று மூன்று பட்டியல்களையும் சேர்த்து, கெஜட்டியரில் உள்ள பழைய வட்டத்தின் எல்லையோடு ஒத்துப் பார்த்து.