ரம்பத் தகடு எஃகுச் சோதனை

ரம்பத் தகடு எஃகுச் சோதனை என்பது, கழிக்கப்பட்ட ரம்பத் தகடு ஒன்றின் எஃகு கத்தி செய்வதற்கு ஏற்றதா எனக் கண்டறியச் செய்யப்படும் எளிய பட்டறைச் சோதனைகளின் தொகுப்பு ஆகும். பழைய தகடுகளில் எஃகின் வகை பெரும்பாலும் குறிக்கப்பட்டிருப்பதில்லை. தகட்டை வெட்டி, தேய்த்து, வடிவமைத்த பிறகு அது கடினமாகாத எஃகு எனத் தெரியவந்தால் உழைப்பு முழுவதும் வீணாகும். கண்ணுக்குப் புலப்படாத வெடிப்பு உள்ள தகடாயின், கத்தி பயன்பாட்டின்போது முறிந்து காயம் ஏற்படுத்தக்கூடும். எனவே தகட்டிலிருந்து வெட்டிய சிறு துண்டு ஒன்று முதலில் சோதிக்கப்படுகின்றது.

தகடுகளின் வகைகள்

வட அமெரிக்க மர அறுவை ஆலைகளின் பெரிய வட்ட ரம்பங்கள் அங்குள்ள கத்திக் கொல்லர்களால் நெடுங்காலமாக விரும்பப்படுபவை. இவை அனைத்தும் எல்6 எஃகு என்ற கருத்து பரவலாக இருந்தாலும், அது எல்லாத் தகடுகளுக்கும் பொருந்தாது. ரம்பத் தகடுகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்:

* ஒரே எஃகால் ஆனவை: இவற்றில் சாதாரண உயர்கரிம எஃகு, எல்6 (ஏறத்தாழ 0.7% கரிமம், 1.25 முதல் 2% நிக்கல், சிறிதளவு குரோமியம்), பட்டை ரம்பங்களில் பயன்படும் சுவீடன் நாட்டு 15என்20 (ஏறத்தாழ 0.75% கரிமம், 2% நிக்கல்) ஆகியவை காணப்படுகின்றன. இவை கத்திக்கு ஏற்றவை.
* கார்பைடு முனை கொண்டவை: பற்களின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடுத் துண்டுகள் பற்றவைக்கப்பட்டிருக்கும். வெட்டும் வேலையை அத்துண்டுகளே செய்வதால், உடல் தகட்டின் எஃகு தரத்திற்குத் தரம் வேறுபடும்.
* ஈருலோகத் தகடுகள்: பல் விளிம்பில் மட்டும் உயர்வேக எஃகு இருக்கும். முதுகுப் பகுதி கரிமம் குறைந்த, வளையும் எஃகாகும். இது கூர் விளிம்பிற்கு ஏற்றதன்று.
* முழு உயர்வேக எஃகு: எந்திர ஆக்சா பிளேடுகள் சிலவற்றில் காணப்படுகின்றது. இதைக் கடினப்படுத்த ஏறத்தாழ 1200 பாகை செல்சியசு தேவை என்பதால் சாதாரண உலையில் இயலாது. ஏற்கனவே உள்ள கடினத்தன்மை கெடாமல் தேய்த்தே வடிவமைக்கப்படுகின்றது.

தொடக்கச் சோதனைகள்

அரச் சோதனை: தகட்டை அரத்தால் தேய்த்துப் பார்ப்பதாகும். அரம் பிடித்தால் எஃகு தரமற்றது என்று கொள்வது தவறு. பற்களை வளைக்கவும் தீட்டவும் வசதியாக, மரம் அறுக்கும் ரம்பங்கள் கத்தியைவிட மென்மையாகவே பதப்படுத்தப்பட்டிருக்கும். ஆகவே இச்சோதனை தகட்டின் தற்போதைய நிலையை மட்டுமே காட்டும்.

பொறிச் சோதனை: சாணைச் சக்கரத்தில் தேய்க்கும்போது எழும் பொறிகளை நோக்குவதாகும். உயர்கரிம எஃகு கிளைவிட்டு வெடிக்கும் அடர்ந்த பொறிகளைத் தரும். குறைகரிம எஃகின் பொறிகள் நீண்ட கோடுகளாக, குறைந்த வெடிப்புகளுடன் இருக்கும். டங்ஸ்டன் மிகுந்த உயர்வேக எஃகு மங்கிய சிவப்புப் பொறிகளைத் தரும். புடாபெசுட்டைச் சேர்ந்த பொறியாளர் மாக்சு பெர்மான் 1909 இல் இம்முறையை நம்பத்தக்க சோதனையாக வளர்த்தார். தெரிந்த எஃகுத் துண்டு ஒன்றுடன் அடுத்தடுத்து ஒப்பிடுவது பிழையைக் குறைக்கும்.

கடினப்படுத்தல் சோதனை

இதுவே முடிவைத் தரும் முதன்மைச் சோதனை ஆகும். விரலளவு துண்டு ஒன்று உலையில் சூடாக்கப்படுகின்றது. ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் எஃகு காந்தத்தில் ஒட்டாத நிலையை அடையும். அதற்குச் சற்று மேல், 800 முதல் 820 பாகை வரை சூடாக்கி, மிதமாகச் சூடேற்றிய எண்ணெயில் உடனே தோய்க்க வேண்டும். சூட்டில் கரிமம் இழந்த மேற்பரப்பு மென்மையாக இருக்கக்கூடும் என்பதால், அதைச் சிறிது நீக்கிய பின்னரே அரத்தால் சோதிக்க வேண்டும். அரம் கடிக்காமல் கண்ணாடியின்மீது போல் வழுக்கினால் எஃகு கடினமாகியுள்ளது. எண்ணெயில் கடினமாகாத எஃகின் மற்றொரு துண்டை நீரில் தோய்த்துப் பார்க்கலாம். அதிலும் அரம் எளிதாகப் பிடித்தால் அத்தகடு கத்திக்கு உதவாது.

பின்னர் துண்டு வைஸில் பிடிக்கப்பட்டு, துணியால் மூடி, சுத்தியலால் உடைக்கப்படுகின்றது. முறிந்த பரப்பு சாம்பல் நிறத்தில் வெல்வெட்டுப் போல் நுண்மையாக இருப்பின் வெப்பநிலை சரியானது. சர்க்கரை போல் மினுங்கும் பெரிய மணிகள் மிகைச் சூட்டைக் காட்டும். உடையாமல் வளைவது கடினமாகாமையின் அறிகுறி ஆகும்.

பதப்படுத்தல் சோதனை

கடினமான மற்றொரு துண்டிற்கு விளிம்பு தீட்டி, ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் ஒரு மணிநேரம் வீதம் இருமுறை பதப்படுத்த வேண்டும். விளிம்பைப் பித்தளைக் கம்பியின்மீது அழுத்தும்போது அது சிறிது வளைந்து மீண்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மென்மை மிகுதி. நொறுங்கினால் சற்றே உயர்ந்த வெப்பநிலையில் மீண்டும் பதப்படுத்த வேண்டும்.

வெடிப்பும் நிக்கலும்

நீண்டநாள் உழைத்த தகடுகளில் பல்லிடைப் பள்ளங்களிலிருந்து வெடிப்புகள் தொடங்குவது இயல்பு. தகட்டில் மண்ணெண்ணெய் தடவி, நன்கு துடைத்து, சுண்ணப் பொடி பூசினால், வெடிப்பில் தங்கிய எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். வெடிப்பு இல்லையெனினும் பற்களை ஒட்டிய பகுதியைத் தவிர்ப்பது நன்று.

மெருகிட்ட துண்டைப் பெரிக் குளோரைடுக் கரைசலில் இட்டால், சாதாரண கரிம எஃகு கருமையாகும். நிக்கல் உள்ள எஃகு ஒப்பீட்டளவில் வெளிறி நிற்கும்.

வரம்புகளும் பாதுகாப்பும்

இச்சோதனைகள் எஃகின் நடத்தையைக் காட்டுமேயன்றி வேதியியல் கூறுகளைத் துல்லியமாகக் காட்டா. ஒரே இடத்தில் கிடைத்த இரு தகடுகளும் வேறுபடலாம் என்பதால் ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும். துல்லியமான கூறுகளை ஒளி உமிழ்வு நிறமாலைமானி தரும். கையடக்க எக்சு கதிர் ஒளிர்வுக் கருவிகள் கரிமத்தை அளப்பதில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தோய்க்கும் எண்ணெய் தீப்பற்றக்கூடியது. உலோக மூடி அருகில் இருத்தல் வேண்டும். கார்பைடு முனைகளைத் தேய்க்கும்போது எழும் தூசியில் கோபால்ட்டு இருப்பதால் அது நுரையீரலுக்குத் தீங்கானது. துண்டை உடைக்கும்போது கண்காப்பு இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்கவும்

* எஃகு
* கத்தி
* ரம்பம்
* வெப்பப் பதனிடல்