மூலையில்தான் முதலில் உடையும்

இன்றைக்குக் கான்கிரீட் தளத்தின் கதை. வரலாற்று வாத்தியாருக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள், காரணம் கீழே வருகிறது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பெல்ஃபான்டைன் என்று ஒரு சிற்றூர். அங்கே சிமெண்ட் தயாரித்துவந்த ஜார்ஜ் பார்த்தலோமியூ, தெருவையே கான்கிரீட்டில் போடலாம் என்றார். 1891-இல் மெயின் தெருவில் எட்டடி அகலத்துக்கு ஒரு பட்டை போட்டுக் காட்டினார். அது தாங்கியது. அப்புறம் நீதிமன்றத்தைச் சுற்றியுள்ள தெருக்களைப் போடும்போது, ஐந்து வருடத்துக்குத் தான் பொறுப்பு என்று 5,000 டாலருக்கு ஜாமீன் கொடுத்தார். இன்றைக்கு எந்தக் காண்ட்ராக்டர் அப்படி எழுதித் தருவார், சொல்லுங்கள்! குதிரைகள் வழுக்காமலிருக்க மேலே கோடு கீறியும் வைத்தார். 1893-இல் போட்ட கோர்ட் அவென்யூவை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

ஆனால் அது குதிரை வண்டிக் காலம். முதல் உலகப் போருக்குப் பிறகு கெட்டி ரப்பர் சக்கர லாரிகள் வந்தன, சாலைகள் நொறுங்கின. 1920-களின் தொடக்கத்தில் இல்லினாய்ஸ் மாநிலப் பொறியாளர் கிளிஃபர்ட் ஓல்டர், பேட்ஸ் என்ற இடத்தில் செங்கல், தார், கான்கிரீட் என்று 63 துண்டுகளாகச் சாலை போட்டு, பாரத்தைப் படிப்படியாக ஏற்றி லாரிகளை ஓட்டினார். கான்கிரீட் பலகை பெரும்பாலும் நடுவில் உடையவில்லை, மூலையில் உடைந்தது. காரணம் இதுதான்: இரவில் மேற்பரப்பு குளிர்ந்து சுருங்க, காய்ந்த சருகின் ஓரம்போல மூலை மண்ணைவிட்டு மயிரிழை தூக்கிக்கொள்கிறது. அந்தரத்தில் நிற்கும் மூலைமேல் சக்கரம் ஏறினால் என்ன ஆகும்? டென்மார்க்கில் பிறந்த வெஸ்டர்கார்ட் 1926-இல் நடு, ஓரம், மூலை மூன்றுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். பொக்லைன், ஜேசிபி பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கும் நம் மாணவர் ஒருவர் போனில் பேசினார். கடன் வாங்கிப் போட்ட தளம் ஒரு வருடத்தில் மூலைமூலையாகப் பெயர்கிறதாம். கம்பி போதவில்லை என்று மேஸ்திரி சொன்னாராம். எனக்கு அது ஒப்பவில்லை. கூரைக்குக் கீழே இருக்கும் தளத்திலும் மேல்பக்கம் முதலில் காய்ந்து ஓரம் தூக்கும். அந்த இடத்தில் ஜாக்கி வைத்து இருபது டன் வண்டியைத் தூக்கினால் கம்பி மட்டும் காப்பாற்றாது. அடிமண்ணை நன்றாக இடித்து இறுக்க வேண்டும். ஓரத்தில் கனம் கூட்ட வேண்டும். ஒரு பலகையின் பாரம் அடுத்ததற்கும் போக, இணைப்பில் வழவழப்பான கம்பிகளைக் குறுக்கே வைக்க வேண்டும். ஜாக்கி நிற்கும் இடத்தில் இணைப்பே வராதபடி முதலிலேயே கோடு போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று, தண்ணீர். கலவை சுலபமாக ஓடட்டும் என்று ஆட்கள் குடம் குடமாக ஊற்றுவார்கள். சிமெண்டுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதே வலுவைத் தீர்மானிக்கிறது என்று சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார். கலவையில் ஊற்றத் துடிக்கும் அந்தத் தண்ணீரை, தளம் இறுகிய பிறகு பாத்தி கட்டி, ஈரச் சாக்கு போட்டு, ஏழு நாளாவது மேலே நிறுத்துங்கள்.